கைக்கு இணங்கட்டும் திரை

பேனா முனை படும் இடம் ஒன்று. கோடு விழும் இடம் வேறொன்று. பேனாவால் எழுதும் கணினியை வைத்திருப்பவர்களிடம் குறை என்னவென்று கேட்டால் முதலில் வருவது இதுதான். ‘பேனா சரியில்லை சார்’ என்பார்கள். கடைக்காரரும் பேனாவை மாற்றச் சொல்வார். புதுப் பேனா வரும், குறை அப்படியே இருக்கும். பெரும்பாலான நேரங்களில் பழுது பேனாவில் இல்லை. திரையை ஆளும் டிரைவர் மென்பொருளுக்கும் பேனாவைப் படிக்கும் டிரைவர் மென்பொருளுக்கும் இடையே கணக்கு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கைத் திருத்தக் காசு தேவையில்லை. அரை மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இதை இப்போது விரிவாகச் சொல்ல வேண்டிய அவசியம் வந்திருக்கிறது. 2020 ஊரடங்கில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்து டியூஷன் வீடுகள் ஒரே வாரத்தில் ஆன்லைனுக்கு மாறின. கணக்கு வாத்தியாருக்குக் கரும்பலகை போய்த் திரை வந்தது. வகைநுண்கணிதத்தைத் தட்டச்சு செய்து நடத்த முடியாது. கையால் எழுதித்தான் ஆக வேண்டும். பல வீடுகளில் பேனா டேப்லெட் நுழைந்தது அப்போதுதான். ஊரடங்கு போன பிறகும் அது போகவில்லை. வீட்டிலிருந்து பாட்டு சொல்லித் தருபவர்கள் ஸ்வரம் எழுத, படம் வரையும் பிள்ளைகள் கோடு பழக, வீட்டு வரைபடம் போடுபவர்கள் திருத்தம் குறிக்க என்று அது நிலைத்துவிட்டது.

அடுத்த காரணம் இன்னும் புதியது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். அவை இல்லாத, ஆனால் நன்றாக ஓடுகிற, பேனாவோடு வந்த மடிக்கணினிகள் ஏராளம். அலுவலகங்கள் கழிக்கும் இயந்திரங்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு வருகின்றன. அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் அதைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்து லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தை ஏற்றுகிறார். ஏற்றியதும் பேனாவும் திரையும் ஆளுக்கொரு திசையில் போகின்றன. நல்ல கணினி பரணுக்குப் போகிறது, அல்லது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களோடு சாமானாகக் கிடக்கிறது. அப்படிக் கிடக்க வேண்டியதே இல்லை என்பதுதான் என் வாதம்.

கண்ணாடிக்கு அடியில் நடப்பது

பேனா கணினியில் நாம் பார்ப்பது ஒரே கண்ணாடி. உள்ளே இரண்டு தனித்தனிச் சாதனங்கள் இருக்கின்றன. ஒன்று படம் காட்டும் திரை. மற்றொன்று, பெரும்பாலான பழைய மாடல்களில், திரைக்குப் பின்னால் பதித்த நுண்ணிய கம்பிவலை. டிஜிடைசர் என்பது அதுதான். ஜப்பானில் 1983இல் தொடங்கிய வாக்கம் நிறுவனத்தின் முறையில் இந்த வலை ஒரு மின்காந்த அலையை மேலே அனுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருளும் மின்தேக்கியும் அந்த அலையில் ஆற்றலை எடுத்துக்கொண்டு, ஒத்ததிர்ந்து, திருப்பி அனுப்புகின்றன. திரும்பி வந்த அலை எந்தக் கம்பியில் வலுவாக இருக்கிறது என்று பார்த்து வலை பேனாவின் இடத்தைக் கணிக்கிறது. பேனாவுக்குப் பேட்டரியே வேண்டாம் என்பது இந்த முறையின் அழகு. பதினைந்து வருடம் கழித்து எடுத்தாலும் அந்தப் பேனா எழுதும்.

இந்த வலைக்கும் திரைக்கும் நேரடி உறவு கிடையாது. வலை தன் மொழியில் எண் சொல்கிறது, திரை தன் மொழியில் எண் வைத்திருக்கிறது. பழைய திங்க்பேட் எக்ஸ்61 டேப்லெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் 12.1 அங்குலத் திரையில் அகலவாக்கில் 1,024, உயரவாக்கில் 768 படப்புள்ளிகள். அதன் பேனா வலையோ அகலத்தை 24,576 ஆகவும் உயரத்தை 18,432 ஆகவும் பிரிக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு 100 பிரிவுகள். வகுத்துப் பார்த்தால் ஒரு படப்புள்ளிக்கு இரு திசையிலும் சரியாக 24 பிரிவுகள் வருகின்றன. ‘24ஆல் வகு’ என்ற இந்தக் கணக்கைச் செய்வது டிரைவர். நீங்கள் திரையைத் திருப்பினாலோ, அளவை மாற்றினாலோ, இன்னொரு திரையை இணைத்தாலோ இந்தக் கணக்கு மாற வேண்டும். மாறாவிட்டால், நழுவிப்போன கார்பன் தாளில் எழுதியது போல மேலே ஓரிடமும் கீழே ஓரிடமுமாக எழுத்து விழும்.

புரொஜெக்டர் மாட்டியதும் என்ன ஆகிறது

ஆசிரியர்களை அதிகம் தவிக்கவைப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டேப்லெட்டுக்குப் பக்கத்தில் புரொஜெக்டரை நீட்டிப்புத் திரையாக மாட்டுகிறீர்கள். இரண்டும் 1,024 அகலம் என்று வைத்துக்கொள்வோம். கணினிக்கு இப்போது மேசை (டெஸ்க்டாப்) ஒன்றே. அதன் அகலம் 2,048. பேனா டிரைவர் பழைய பழக்கத்தில் வலையின் முழு அகலத்தையும் இந்த 2,048க்குப் பரப்பிவிடுகிறது. டேப்லெட்டின் இடது கால்வாசியில் பேனாவை வைத்தால் கோடு டேப்லெட்டின் நடுவில் விழுகிறது. நடுவில் வைத்தால் வலது ஓரத்தில் விழுகிறது. அதற்கும் வலப்பக்கம் போனால் சுட்டி புரொஜெக்டருக்குத் தாவிவிடுகிறது. வகுப்பு மொத்தமும் காத்திருக்க, ஆசிரியர் பேனாவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

இதற்கான மருந்து ஒரு வரிதான்: ‘இந்தப் பேனா இந்தத் திரைக்கு மட்டுமே சொந்தம்’ என்று டிரைவருக்குச் சொல்வது. விண்டோஸில் கண்ட்ரோல் பேனலின் ‘டேப்லெட் பிசி செட்டிங்ஸ்’ பகுதியில் ‘செட்டப்’ என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஒவ்வொரு திரையாகக் காட்டி, ‘இதுதான் பேனாத் திரையா’ என்று கேட்கும். சரியான திரை வரும்போது பேனாவால் தொட்டால் முடிந்தது. லினக்ஸில் எக்ஸ்11 வகை மேசையாக இருந்தால் எக்ஸ்செட்வாக்கம் என்ற கருவியில் ‘மேப் டு அவுட்புட்’ என்ற கட்டளைக்குத் திரையின் பெயரைக் கொடுத்தால் போதும். வேலேண்ட் வகை மேசையில் அந்தக் கருவி வேலை செய்யாது. க்னோம், கேடிஇ ஆகிய மேசைச் சூழல்களின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே பேனா டேப்லெட் என்ற பிரிவு இருக்கிறது, அங்கே திரையைத் தேர்வு செய்யலாம். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளை அப்படியே தட்டச்சு செய்து ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சோர்ந்துபோகிறவர்கள், முதலில் தங்கள் மேசை எக்ஸ்11ஆ வேலேண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு: எக்ஸ்11இல் ஒவ்வொரு பேனாவுக்கும் ஒன்பது எண் கொண்ட ஓர் அணி உண்டு. பதினொன்றாம் வகுப்பில் நடத்துகிறார்களே, அதே மூன்றுக்கு மூன்று அணிதான். ஒன்றும் மாற்றாதபோது அது அலகு அணி. மேலே சொன்ன இரட்டைத் திரை நிலையில் முதல் எண்ணை 1லிருந்து 0.5 ஆக்கினால் பேனா இடது திரைக்குள் அடங்கிவிடும். டேப்லெட் வலப்பக்கம் இருந்தால் முதல் வரிசையின் மூன்றாவது எண்ணையும் 0.5 ஆக்க வேண்டும். புரொஜெக்டர் 1,280க்கு 800 என்றால் மொத்த அகலம் 2,304, உயரம் 800. இடப்பக்க டேப்லெட்டுக்கு அகல எண் 0.444, உயர எண் 0.96. அணிகளைப் பாடமாகப் படித்துவிட்டு ‘இது எதற்குப் பயன்படும்’ என்று கேட்கும் பிள்ளைக்குக் கண்ணெதிரே காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எண்ணை மாற்றியதும் பேனா அடுத்த கணமே கீழ்ப்படிகிறது.

நீட்டிப்பு வேண்டாம், ஒரே படத்தை இரண்டிலும் காட்டுகிறேன் என்றால் வேறொரு சிக்கல். டேப்லெட் 1,366க்கு 768, பழைய புரொஜெக்டர் 1,024க்கு 768. டிஸ்ப்ளே டிரைவர் இரண்டையும் 1,024க்கு இறக்கிவிடும். டேப்லெட்டில் படம் நடுவில் நிற்க, இரு பக்கமும் 171 படப்புள்ளி அகலத்துக்குக் கறுப்புப் பட்டை விழும். பேனா வலைக்குப் பட்டை தெரியாது. அது முழுக் கண்ணாடியையும் படமாகவே எண்ணுகிறது. விளைவு விசித்திரமானது. நடுவில் எழுதினால் மிகச் சரியாக இருக்கும். ஓரம் போகப் போகக் கோடு உள்பக்கமாக விலகும். 12.5 அங்குலத் திரையின் பட ஓரத்தில் விலகல் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டும். நடுவில் சரி, ஓரத்தில் தப்பு என்றதும் ‘டிஜிடைசர் போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டிஸ்ப்ளே டிரைவரின் ‘ஸ்கேலிங்’ அமைப்பை ‘சென்டர்’ என்பதிலிருந்து ‘ஃபுல் ஸ்கிரீன்’ என்று மாற்றினால் படம் கொஞ்சம் அகலமாகத் தெரியும், ஆனால் பேனா நேராகிவிடும். சாதனத்துக்குச் சாவு மணி அடிப்பதற்கு முன் இந்த ஒன்றைப் பாருங்கள்.

தமிழ் எழுத்துக்குத் திரையைத் திருத்துதல்

பேனா கணினியை நெட்டாகத் திருப்பிப் பிடித்து எழுதுவதுதான் பலருக்கும் இயல்பு. நோட்டுப் புத்தகம் நெட்டாகத்தான் இருக்கிறது. திரையைத் திருப்பும் வசதியை எக்ஸ்11 என்ற எக்ஸ் சாளர அமைப்பில் சேர்த்த நீட்டிப்பு 2001 வாக்கில் ஜிம் கெட்டிஸ், கீத் பேக்கார்ட் இருவரும் உருவாக்கியது. அது படத்தை மட்டும் திருப்பும். பேனாவையும் சேர்த்துத் திருப்பாவிட்டால், கீழ்நோக்கி இழுக்கும் கோடு பக்கவாட்டில் ஓடும். சில மேசைகள் இரண்டையும் தாமே சேர்த்துத் திருப்பிவிடுகின்றன. திருப்பாதவற்றில் இரண்டு கட்டளைகளையும் ஒரு சிறு கோப்பில் அடுத்தடுத்து எழுதி, டேப்லெட்டின் ஓரத்தில் இருக்கும் பொத்தானில் இணைத்துவிட்டால் ஆயுளுக்கும் தொல்லை இல்லை.

இன்னொரு நுட்பம் தமிழ் படிப்பவர்களுக்கு முக்கியம், ஆனால் அதை யாரும் சொல்வதில்லை. எல்சிடி திரையின் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று கீற்றுகளால் ஆனது. எழுத்தின் ஓரம் வழவழப்பாகத் தெரிய மென்பொருள் இந்தக் கீற்றுகளைத் தனித்தனியே பயன்படுத்துகிறது. திரையை நெட்டாகத் திருப்பியதும் கீற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகிவிடுகின்றன. மென்பொருளுக்கு அது தெரியாவிட்டால் எழுத்தின் விளிம்பில் நிறம் கசியும். ஆங்கிலத்தில் இது உறுத்தலோடு போய்விடும். தமிழில் ‘கி’க்கும் ‘கீ’க்கும் வித்தியாசம் மேல்வளைவின் முனையில் உள்ள ஒரு சிறு சுழிதான். மெய்யெழுத்தின் உயிரே ஒரு புள்ளியில் இருக்கிறது. விளிம்பு கசிந்தால் சுழி அடைபடும், புள்ளி மங்கும். ஃபாண்ட் செட்டிங்ஸில் கீற்று வரிசையை ‘ஆர்ஜிபி’ என்பதிலிருந்து, திருப்பிய பக்கத்துக்கு ஏற்ப ‘விஆர்ஜிபி’ அல்லது ‘விபிஜிஆர்’ என்று மாற்றினால் சரியாகும். அந்தத் தேர்வு இல்லாத மேசையில் ‘கிரேஸ்கேல்’ என்று வைத்துவிடுவது நல்லது. வயதானவர்களுக்கு அமைத்துக் கொடுக்கும்போது நான் முதலில் மாற்றுவது இதைத்தான்.

அடர்த்தியும் அப்படியே. 12.1 அங்குலத்தில் 1,400க்கு 1,050 படப்புள்ளி கொண்ட டேப்லெட்டுகள் உண்டு. அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 145 புள்ளி. மென்பொருள் பழைய வழக்கப்படி 96 என்று எண்ணிக்கொண்டால், எழுத்து இருக்க வேண்டிய அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுருங்கும். கண்ணைக் குறை சொல்லிக்கொண்டு படிப்பவர்களுக்கு வேண்டியது புதுக் கண்ணாடி இல்லை, இந்த ஓர் எண்ணின் திருத்தம்.

எழுதும்போது மை பேனாவின் பின்னால் இழுபடுவது போலத் தோன்றுகிறதே, அதன் வேர் பெரும்பாலும் டிஸ்ப்ளே பக்கம் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை மாற்ற 16.7 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. சாளரங்களுக்கு நிழலும் மிதப்பும் தருகிற ‘கம்போசிட்டர்’ இன்னொரு படம் தாமதிக்கலாம். இன்டெல் டிரைவரில் ‘டியர்ஃப்ரீ’ என்ற அமைப்பு காணொளி கிழிபடாமல் காக்கும், ஆனால் அதற்கும் தாமதம் விலையாகிறது. படம் பார்க்கும் கணினிக்கு அது தேவை. எழுதும் கணினிக்கு அணைத்துவிடுவதே சிறப்பு என்பது என் தீர்ப்பு. அழகான நிழலை இழந்து வேகமான மையைப் பெறுவது நல்ல பேரம்.

அழுத்தம் அடுத்தது. பேனா டிரைவரில் அழுத்த வளைவு நான்கு எண்களால் குறிக்கப்படுகிறது. 0, 0, 100, 100 என்பது நேர்கோடு. 0, 75, 25, 100 என்று வைத்தால் லேசாகத் தொட்டாலே கோடு தடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் விரல் வலி உள்ளவர்களுக்கும் இதுவே நல்லது. பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதிப் பழகியவர்களுக்கு இதன் நேர்மாறு: 75, 0, 100, 25.

கடைசியாகத் துல்லியத் திருத்தம். திரையில் தோன்றும் கூட்டல் குறிகளைப் பேனாவால் தொடச் சொல்லும் கணினி. கண்ணாடிக்குத் தடிமன் இருப்பதால் நீங்கள் பார்க்கும் கோணத்தைப் பொறுத்துக் குறி நகர்ந்து தெரியும். பேனாவின் சாய்வும் கணக்கைக் கொஞ்சம் தள்ளும். ஆகவே எழுதும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து, எப்படிப் பிடிப்பீர்களோ அப்படிப் பிடித்துத் தொட வேண்டும். கடைக்காரர் மேசை அருகே நின்றபடி செய்து கொடுத்த திருத்தம் அவர் கைக்கும் கண்ணுக்கும் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. இடக்கைக்காரப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து தனியே திருத்திக் கொடுங்கள்.

குரோம்பேட்டையில் இருக்கும் வேர்

இத்தனை திருத்தங்களும் சாத்தியமாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டிரைவர் திறந்ததாக இருக்க வேண்டும். எண்ணை மாற்ற விடுகிற டிரைவர் வேண்டும். அந்த நிபந்தனைக்காக உழைத்த ஓர் இடம் நம் பேட்டையிலேயே இருக்கிறது.

தொழிலதிபர் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தில் 1949இல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி (எம்ஐடி), குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. அப்துல் கலாம் படித்த கல்லூரி என்று எல்லோருக்கும் தெரியும். எழுத்தாளர் சுஜாதா எலெக்ட்ரானிக்ஸ் படித்ததும் அங்கேதான். அந்த வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவும் சேர்ந்து 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அதன் விளைவாக சி-டாக் வெளியிட்டது டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ லினக்ஸ். முதல் பதிப்பு 2007. தமிழில் மெனு, தமிழில் தட்டச்சு, யாரும் திறந்து பார்க்கக்கூடிய டிரைவர்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது விண்டோஸோடு கூட லினக்ஸையும் ஏற்றித்தான் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான வீடுகளுக்குள் ஒரு திறந்த கணினி போய்ச் சேர்ந்தது. அதன் உள்ளே கைவைத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் ஏற்பாடு மட்டும் போதிய அளவில் கூட வரவில்லை. அந்த வாய்ப்பு நழுவியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பேனா கணினியிலும் இந்தியா முந்திக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி 2001இல் வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. 320க்கு 240 திரை, 206 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், லினக்ஸ், ஒரு பேனா. கிராமத்துக்காரர் பேனாவால் தொட்டால் கணினி அவர் மொழியில் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது திட்டம். அதன் வடிவமைப்பையே பொது உரிமமாக வெளியிட்டார்கள். 2004இல் அமிடா என்ற பெயரில் அதைத் தயாரித்தது பாரத் எலெக்ட்ரானிக்ஸ். சுஜாதா வேலை பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற அதே நிறுவனம். கையில் சாய்த்தாலே அதை அறியும் உணரி அமிடாவில் இருந்தது. இன்றைக்கு எல்லாப் போனிலும் இருப்பதை அன்றைக்கே வைத்திருந்தார்கள். விற்பனைதான் கைகொடுக்கவில்லை.

தமிழ்க் கையெழுத்துக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. எச்பி லேப்ஸ் இந்தியா, பேனா டேப்லெட் கணினிகளைக் கொடுத்துத் தமிழர்களை எழுதச் சொல்லி எழுத்துகளைச் சேகரித்தது. எழுதியவர்கள் பெங்களூரிலும் சேலத்திலும் இருந்த பள்ளிப் பிள்ளைகள், பட்டதாரிகள், பெரியவர்கள். 247 எழுத்துகளையும் எழுதிவிட 156 குறிகள் போதும் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 500 மாதிரிகள். 2006இல் நடந்த ஒரு பன்னாட்டுக் கையெழுத்து ஆய்வரங்கின் தமிழ்ப் போட்டிக்கு இந்தத் தொகுப்புதான் அடிப்படை. அதில் பதிவானது படம் அல்ல. பேனா எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு எந்த வரிசையில் போனது என்ற தடம். தடம் சரியாக இருக்க வேண்டுமானால் பேனா வலையின் கணக்கு சரியாக இருக்க வேண்டும். சேலத்துப் பிள்ளைகள் கை கொடுத்த அந்தத் தடங்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் பயன்படுகின்றன.

டிரைவர் மூடிக்கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2008 வாக்கில் இன்டெல், ஜிஎம்ஏ 500 என்ற கிராஃபிக்ஸ் சில்லை வெளியிட்டது. உள்ளே இருந்தது இன்டெலின் சொந்தச் சரக்கு அல்ல, வேறொரு நிறுவனத்தின் வடிவமைப்பு. அதன் விவரங்கள் வெளியே வரவில்லை. அந்தச் சில்லை நம்பி வந்த சிறு கணினிகளும் பேனா டேப்லெட்டுகளும் லினக்ஸில் சரியான திரை அளவைக்கூடக் காட்ட முடியாமல் தவித்தன. 2011இல் லினக்ஸ் நிரலாளர் ஆலன் காக்ஸ் எழுதிய திறந்த டிரைவர் வந்த பிறகுதான் அவற்றில் ஒழுங்கான படமே வந்தது. அப்போதும் முப்பரிமாண வேகம் கிட்டவில்லை. வன்பொருள் நன்றாக இருந்தது. பூட்டு போட்டதால்தான் அது வீணானது. வாக்கம் பேனாக்களின் கதை இதற்கு நேரெதிர். தன்னார்வலர்களும் அந்த நிறுவனத்து ஊழியர்களும் சேர்ந்து திறந்த டிரைவரை வருடக்கணக்கில் பராமரிப்பதால், விண்டோஸ் கைவிட்ட பழைய டேப்லெட்டிலும் பேனா இன்றும் எழுதுகிறது.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

செகண்ட் ஹேண்டில் பேனா டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பேனா எந்த வகை என்று கேளுங்கள். வாக்கம் மின்காந்த வகை, வாக்கமின் பேட்டரி வகை, மைக்ரோசாஃப்ட் வகை, யுஎஸ்ஐ வகை என்று பல உண்டு. பொதுவாக ஒன்றின் பேனா இன்னொன்றில் எழுதாது. பேனா இல்லாமல் விற்கும் இயந்திரத்துக்குப் பேனா தேடி அலைவது பெரும்பாடு. பென் டிரைவில் லினக்ஸ் எடுத்துப்போய், கடையிலேயே அதிலிருந்து இயக்கி, நான்கு மூலையிலும் ‘ழ’ எழுதிப் பாருங்கள். வளைவும் சுழியும் உள்ள அந்த ஓர் எழுத்து எல்லாக் குறையையும் காட்டிக்கொடுத்துவிடும். ஓரத்தில் மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் விலகினால் பயப்பட வேண்டாம், பழைய வலைகளின் இயல்பு அது.

நம் பகுதிக் கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள். குரோம்பேட்டை எம்ஐடி மாணவர்களும் தாம்பரம் கிறித்தவக் கல்லூரி மாணவர்களும் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்தால், பரணில் கிடக்கும் பேனா கணினிகளைச் சுற்றுவட்டாரத்து ஆசிரியர்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாணவருக்கு அணிக் கணக்கு உயிரோடு கிடைக்கும். ஆசிரியருக்குப் பேனா நேராகும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 2024இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80,000 பேருக்குத் தமிழக அரசு கையடக்கக் கணினி கொடுத்தது. நல்ல காரியம். இனி வரும் கொள்முதலில், டிஸ்ப்ளேக்கும் தொடுதிரைக்கும் பேனாவுக்கும் உரிய டிரைவர்கள் பொது லினக்ஸ் கருநிரலில் (கெர்னல்) சேர்ந்திருக்க வேண்டும், பயனர் அவற்றைத் திருத்த எந்தப் பூட்டும் இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையை ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுத வேண்டும். கொடுத்த கணினியை அதன் ஆதரவுக்காலம் முடிந்த பிறகும் ஓர் ஆசிரியர் பயன்படுத்த முடியுமா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும். அடுத்த டெண்டரில் அது இடம்பெற வேண்டும்.